கட்டானா வாளை உறைக்குள் பிடித்து வைப்பது எது? ஒரு அங்குலச் செம்புப் பூண் ‘ஹபாகி’யின் கதை!

ஜப்பானிய சினிமாவோ அனிமேவோ பார்ப்பவர்களுக்கு இந்த ஷாட் நன்றாகவே தெரியும். சண்டைக்கு முன் ஹீரோ அசையாமல் நிற்பார். இடது கைக் கட்டைவிரல் மட்டும் வாளின் கைக்காப்பை மெதுவாகத் தள்ளும். ‘க்ளிக்’ என்று ஒரு சத்தம். வாள் முழுசா வராது, ஒரு அங்குலம் மட்டும் உறையிலிருந்து எட்டிப் பார்க்கும். அந்த ஒரு அங்குலத்தில் செம்பு நிறத்திலோ தங்க நிறத்திலோ ஏதோ மின்னும்.

பார்ப்பவர்கள் பலரும் அதை அலங்காரம் என்றுதான் நினைப்பார்கள். உண்மையில் வாளின் அடிப்பகுதியைக் காப்பதே அந்தச் சின்ன உலோகத் துண்டுதான். அதன் பெயர் ஹபாகி. பல நூறு ஆண்டு பழமையான வாள்கள் இன்றும் துருப்பிடிக்காமல், கீறல் விழாமல் இருக்க இது ஒரு முக்கியக் காரணம். இதைத் தப்பாகச் செய்தால் வாளே பாழாகும். ஹபாகி எப்படிச் செய்யப்படுகிறது, அதில் ஏன் இவ்வளவு கவனம்? விரிவாகப் பார்க்கலாம்.

ஹபாகி என்றால் என்ன?

நம் வீட்டு உலக்கையின் அடியில் ஒரு இரும்பு வளையம் இருக்கும். அதற்குப் பூண் என்று பெயர். கத்தி, அரிவாளின் மரப்பிடியிலும் பிளந்துவிடாமல் இருக்கப் பூண் போடுவார்கள். ஹபாகியும் ஒரு வகைப் பூண்தான். ஆனால் ஒரு வித்தியாசம். நம்ம ஊர் பூண் மரத்தின் மேல் ஏறும். ஹபாகி வாளின் அலகு மேலேயே ஏறி உட்காரும்.

ஒரு ஜப்பானிய வாளின் அமைப்பைத் தெரிந்துகொண்டால் இது சுலபமாகப் புரியும். வாளின் எஃகுத் துண்டு பிடியோடு முடிந்துவிடாது. அதன் வால் பகுதி மரப்பிடிக்குள் நீளமாகப் போகும். இதற்கு நாககோ என்று பெயர். அலகு முடிந்து வால் தொடங்கும் இடத்தில், கூர்ப் பக்கம் ஒன்றும் முதுகுப் பக்கம் ஒன்றுமாக இரண்டு சின்னப் படிகள் இருக்கும். இவை மாச்சி. ஹபாகியை வால் பக்கமாக நுழைத்து மேலே தள்ளினால், சரியாக இந்த இரண்டு படிகளிலும் முட்டி நிற்கும்.

நீளம் சுமார் ஒரு அங்குலம். சில வாள்களில் கொஞ்சம் கூடும். அவ்வளவுதான் அளவு.

ஜப்பானிய மொழியில் முழங்காலுக்குக் கீழே காலைச் சுற்றிக் கட்டும் கால்துணிக்கும் ‘ஹபாகி’ என்றே பெயர். வாளின் காலைச் சுற்றி இருப்பதால் இந்தப் பெயர் வந்ததாகச் சொல்லப்படுகிறது.

இது இல்லைன்னா என்ன ஆகும்?

ஹபாகி மூன்று வேலைகளைப் பார்க்கிறது.

*முதலாவது, வாளை உறைக்குள் நிறுத்துவது.* ஹபாகி ஒரு ஆப்பு போல, முனைப் பக்கம் ஒடுங்கி, பிடிப் பக்கம் அகன்று இருக்கும். வாளை உறைக்குள் சொருகும்போது கடைசி ஒரு அங்குலத்தில் இந்த ஆப்பு உறையின் வாயில் இறுகிக்கொள்ளும். உறையைத் தலைகீழாகப் பிடித்தாலும் வாள் விழாது. சினிமாவில் கட்டைவிரலால் தள்ளுவது இந்தப் பிடியை விடுவிக்கத்தான். உறையின் வாய்க்குக் கோய்குச்சி என்று பெயர். அதாவது கெண்டை மீனின் வாய். ‘கெண்டை வாயை வெட்டுவது’ என்றுதான் ஜப்பானியர் இந்தத் தள்ளலைச் சொல்கிறார்கள்.

*இரண்டாவது, அலகு மரத்தில் உரசாமல் காப்பது.* பொருத்தம் சரியாக இருந்தால் வாள் ஹபாகியின் பலத்தில் உறைக்குள் அந்தரத்தில் நிற்பது போல நிற்கும். அலகின் பக்கங்கள் மரத்தில் படாது. ஹபாகி தளர்ந்தால் வாள் உள்ளே ஆடும், மரத்தில் உரசிக் கீறல் விழும். வாய் சரியாக மூடாததால் ஈரக்காற்றும் உள்ளே போகும். பிறகு துருதான்.

*மூன்றாவது, அடியின் அதிர்ச்சியைத் தாங்குவது.* வாள் எதிலாவது மோதினால் அந்த விசை பிடியை நோக்கித் திரும்பும். வாளையும் பிடியையும் சேர்த்து வைப்பது பொதுவாக ஒரே ஒரு மூங்கில் ஆணி. விசை முழுக்க அந்த ஆணியிலும் மரப்பிடியிலும் இறங்கினால் பிடி பிளந்துவிடும். அதனால் அலகின் படிகள் ஹபாகியை அழுத்த, ஹபாகி அதன் கீழே இருக்கும் செப்பா என்ற வாஷரை அழுத்த, அது கைக்காப்பு வட்டை அழுத்த, விசை பரவலாகப் பிரிந்து இறங்கும்.

யார் செய்கிறார்கள்?

வாளை அடிக்கும் கொல்லரே எல்லாவற்றையும் செய்வதில்லை. ஜப்பானில் ஒரு வாளுக்குப் பின்னால் பல கைகள் இருக்கும். அலகை அடிப்பவர் ஒருவர். தீட்டுபவர் இன்னொருவர். உறை செய்பவர் வேறு. பிடிக்குக் கயிறு சுற்றுபவர் வேறு. ஹபாகி செய்பவருக்கு ஷிரோகானே-ஷி என்று பெயர். ‘ஷிரோகானே’ என்றால் வெள்ளி. அதாவது வெள்ளி வேலைக்காரர். நம்ம ஊர் பத்தர், கன்னார் இரண்டு பேர் வேலையும் கலந்த ஒரு தொழில்.

எந்த நேரத்தில் செய்வது என்பதிலும் ஒரு கணக்கு இருக்கிறது. கொல்லர் கையிலிருந்து வந்த வாளைத் தீட்டுபவர் முதலில் அடிப்படைத் தீட்டல் செய்து வடிவத்தைச் சரிப்படுத்துவார். அதற்குப் பிறகுதான் ஹபாகி. அடுத்து உறை. எல்லாம் முடிந்த பிறகே கடைசி மெருகு.

ஏன் இந்த வரிசை? தீட்டுவதற்கு முன்பே ஹபாகியைச் செய்தால், தீட்டும்போது அலகு கொஞ்சம் தேய்ந்து ஹபாகி தளர்ந்துவிடும். கடைசி மெருகுக்குப் பிறகு செய்தால், பொருத்திப் பார்க்கும்போதே மெருகில் கீறல் விழும். இரண்டுக்கும் நடுவில் செய்வதுதான் வழி.

ஏன் செம்பு?

எஃகு வாளுக்கு எஃகுப் பூண் போட்டால் உறுதியா இருக்குமே என்று தோன்றலாம். பழைய காலத்தில் இரும்பு ஹபாகிகளும் இருந்தன. பின்னாளில் செம்பு, வெள்ளி, தங்கம் பரவலாகின. காரணங்கள் எளிமையானவை.

- செம்பு எஃகைவிட மென்மையானது. இரண்டும் உரசினால் தேய்வது செம்புதான், வாள் இல்லை.
- இரும்பைப் போலச் செம்பு துருப்பிடித்து உதிராது. உறை வாயின் ஈரத்தைத் தாங்கும்.
- அடித்து அடித்து வடிவம் கொண்டுவர வசதியானது. அடிக்க அடிக்க இறுகும். சிவக்கக் காய்ச்சினால் மறுபடி இளகிவிடும்.

தேய்ந்த ஹபாகியை மாற்றிவிடலாம். தேய்ந்த வாளை மாற்ற முடியாது. இந்தக் கைவேலையின் மொத்த விதியும் இந்த இரண்டு வரிதான்.

எப்படிச் செய்கிறார்கள்? படிப்படியாக...

1. அளவு பார்த்தல்: படிகள் இருக்கும் இடத்தில் அலகின் அகலம், கனம், முதுகின் வடிவம் எல்லாம் கவனிக்கப்படும. பல ஜப்பானிய வாள்களின் முதுகு தட்டையாக இருக்காது, வீட்டுக் கூரை போல நடுவில் உயர்ந்திருக்கும். ஹபாகியின் உட்புறமும் அதே கூரை வடிவில் அமைய வேண்டும். வேலை தொடங்கும் முன் காயம் படாமல் இருக்க அலகைத் துணியால் சுற்றிவிடுவார்கள்.

2. செம்பை அடித்தல்: ஒரு செம்புத் துண்டைப் பட்டடையில் வைத்து அடித்து, நடுவில் கனமாகவும் இரண்டு பக்கமும் மெல்லிய இறக்கை போலவும் கொண்டுவருவார்கள். கனமான நடுப்பகுதி வாளின் முதுகில் உட்காரும். இறக்கைகள் இரண்டு கன்னத்தையும் மூடும். செம்பு இறுகும்போதெல்லாம் சிவக்கக் காய்ச்சித் தண்ணீரில் போடுவார்கள். எஃகைக் காய்ச்சித் தண்ணீரில் போட்டால் கடினமாகும். செம்பு அப்படி இல்லை, இளகித்தான் இருக்கும்.

3. மடித்தல்: இளகிய செம்பை வாளின் வால் பகுதியில் வைத்து இரண்டு பக்கமும் மடித்து அணைப்பார்கள். மெருகு ஏறிய அலகு மேல் இந்த வேலை நடக்காது. வால் பகுதி என்றாலும் கவனம் தேவை. பழைய வாள்களின் வாலில் படிந்திருக்கும் கறுத்த துருதான் வாளின் வயதைச் சொல்லும் சாட்சி. அதைச் சுரண்டவே கூடாது.

4. ஆப்பு வைத்தல்: மடித்த பிறகு, கூர்ப் பக்கத்தில் இரண்டு இறக்கை நுனிகளுக்கும் நடுவில் ஒரு இடைவெளி இருக்கும். அதில் ஒரு சின்ன ஆப்புத் துண்டு வைக்கப்படும். இதுதான் மாச்சிகானே. வாளின் கூர்ப் பக்கப் படி இதன் மேல்தான் உட்காரும். ஹபாகியிலேயே அதிகப் பாரம் தாங்கும் துண்டு இது.

5. பற்றவைத்தல்: நகைப் பட்டறையில் பொடி வைத்துப் பற்றவைப்பதைப் பார்த்தவர்களுக்கு இது புதுசு இல்லை. மூட்டில் வெங்காரம் தடவி, வெள்ளி கலந்த பற்றுப்பொடி வைத்து, இரும்புக் கம்பியால் கட்டி நெருப்பில் காட்டுவார்கள். செம்பு உருகுவது 1,085 டிகிரி செல்சியஸில். வெள்ளியும் செம்பும் சரியான விகிதத்தில் கலந்தால் சுமார் 780 டிகிரியிலேயே உருகிவிடும். அதனால் செம்பு அப்படியே நிற்க, பொடி மட்டும் உருகி இடுக்குக்குள் ஓடும். வெங்காரம், சூட்டில் செம்பின் மேல் படியும் கறுப்பைக் கரைத்து, பொடி நன்றாக ஒட்ட வழி செய்யும்.

இந்தக் கட்டத்தில் ஒரு கண்டிப்பான விதி உண்டு. ஹபாகி வாளில் இருக்கும்போது சூடு காட்டவே கூடாது. வாளின் கூர்ப் பகுதி சூடாக்கித் திடீரெனக் குளிர வைத்துக் கடினமாக்கப்பட்டது. சில நூறு டிகிரி சூடு பட்டாலே அந்தக் கடினம் போய்விடும். கொல்லரின் மொத்த உழைப்பும் அதோடு காலி.

6. பொருத்திப் பார்த்தல்: அதிக நேரம் எடுக்கும் கட்டம் இது. ஹபாகியை வால் வழியாக ஏற்றி, சுற்றிலும் மெதுவாகத் தட்டி, கழற்றி, எங்கே இடிக்கிறது என்று பார்த்து, உள்ளே அரத்தால் கொஞ்சம் எடுத்து, மறுபடி ஏற்றுவார்கள். முதுகுப் படியும் கூர்ப் படியும் ஒரே நேரத்தில் உட்கார வேண்டும். ஒரு பக்கம் மட்டும் முட்டினால் பாரம் முழுக்க அந்தப் பக்கமே இறங்கும். வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் இடைவெளி தெரியக் கூடாது. அதற்காக இறுக்கிப் பிடித்து அலகைக் கீறவும் கூடாது.

7. வெளிப்புறம்: உள்ளே சரியான பிறகுதான் வெளியே கை வைப்பார்கள். அரத்தால் தேய்த்து ஆப்பு வடிவம் கொண்டுவருவார்கள். பிறகு அழகு வேலை. சாய்வான அர வரிகள், பூனை நகம் கீறியது போன்ற கோடுகள், குடும்பச் சின்னங்கள் எனப் பல வகை உண்டு. சில ஹபாகிகளில் செம்பின் மேல் மெல்லிய தங்கத் தகடு போர்த்தப்படும். இது முலாம் இல்லை, உண்மையான தகடு.

இதற்குப் பிறகு உறை செய்பவர் இந்த ஹபாகியை வைத்துத்தான் உறையின் வாயைச் செதுக்குவார். அதாவது வாளுக்கு ஏற்ற ஹபாகி, ஹபாகிக்கு ஏற்ற உறை.

ஒண்ணா, ரெண்டா?

ஹபாகியில் பொதுவாக இரண்டு வகை. ஒரே துண்டாக இருப்பது ஒன்று. உள்ளே ஒரு துண்டு, அதன் மேல் வெளித்துண்டு என இரண்டாக இருப்பது இன்னொன்று. இரண்டு துண்டு ஹபாகி பார்க்க அழகு. அதோடு ஒரு பயனும் உண்டு. பலமுறை தீட்டி மெலிந்த வாளுக்கும், அடியில் அகலம் குறைந்த வாளுக்கும் உறையில் உட்காரத் தேவையான பருமனை இது தரும்.

இன்றைய கனசாவா நகரை மையமாகக் கொண்ட பழைய காகா பகுதியின் ஹபாகிகள் ‘காகா ஹபாகி’ என்று தனியாகவே பேசப்படுகின்றன.

தப்பாச் செஞ்சா என்ன நஷ்டம்?

பிரச்சினை பெரும்பாலும் அவசரத்தில்தான் தொடங்கும். ஒரு பழைய வாளின் ஹபாகி தொலைந்துவிடும், அல்லது தேய்ந்துவிடும். பார்க்க அதே அளவில் இருக்கும் வேறொரு வாளின் ஹபாகியை எடுத்து மாட்டிவிடுவார்கள். அது ஏறாவிட்டால் அலகையோ படியையோ கொஞ்சம் அரத்தால் தேய்த்துவிடுவார்கள். வேலை முடிந்தது மாதிரி தெரியும்.

ஆனால் அந்தப் படி போனால் போனதுதான். எஃகை மறுபடி வளர்க்க முடியாது. சிதைந்த படியைச் சரிசெய்ய இருக்கும் வழி, படிகளையே முனைப் பக்கமாகக் கொஞ்சம் நகர்த்தி வெட்டுவது. அதனால் வாளின் அலகு நீளம் குறையும். வாளின் ஆதி அளவே மாறிவிடும். கொல்லர் வைத்த அளவு, சேகரிப்பாளர்கள் மதிக்கும் அளவு, இரண்டும் போச்சு.

அதனால்தான் தேர்ந்த கைவினைஞர்கள் ஒரு விஷயத்தில் விட்டுக்கொடுப்பதே இல்லை. வாளுக்காக ஹபாகியைத் தேய்க்கலாம். ஹபாகிக்காக வாளைத் தேய்க்கக் கூடாது. ஒரு ஹபாகி ஒரு வாளுக்கு மட்டும்தான்.

பராமரிப்பு: அடியில்தான் ஆபத்து

ஹபாகி வாளைக் காக்கும். ஆனால் அதன் அடியிலேயே ஈரம் தங்கினால் அங்கேயே துருவும் வரும். வெளியே தெரியாது என்பதுதான் இதில் சிக்கல். அதனால் வாளைச் சுத்தம் செய்யும்போது மூங்கில் ஆணியை எடுத்து, பிடியைக் கழற்றி, கைக்காப்பு, வாஷர்கள், கடைசியில் ஹபாகி என வரிசையாக வெளியே எடுப்பார்கள்.

ஹபாகி இறுகிப்போயிருந்தால் குறடு போட்டு இழுக்கக் கூடாது. துணி வைத்து, மரச் சுத்தியலால் வால் பக்கம் நோக்கி மெல்லத் தட்டித்தான் எடுக்க வேண்டும். பிறகு பழைய எண்ணெயைத் துடைத்துப் புது எண்ணெய் தடவுவார்கள். வாளுக்குப் பூசும் இந்த எண்ணெய்க்குச் சோஜி எண்ணெய் என்று பெயர். ‘சோஜி’ என்றால் நம்ம சமையலறைக் கிராம்புதான். எண்ணெயை மிக மெல்லிய பூச்சாகவே விட வேண்டும். அதிகமானால் உறையின் மரத்தில் ஊறிவிடும்.

மழைக்காலத்தில் மரம் உப்பி ஹபாகி இறுகும். வறண்ட காலத்தில் தளரும். தளர்ந்தால் ஹபாகியைத் தொட மாட்டார்கள். உறையின் வாய்க்குள் மெல்லிய மரச் சீவல் ஒட்டிச் சரிசெய்வார்கள். இங்கேயும் அதே விதிதான். மாற்றக்கூடியதை மாற்று, மாற்ற முடியாததைத் தொடாதே.

மற்ற நாட்டு வாள்களில்?

வாளின் அடிப்பகுதியைக் காப்பது எல்லா ஊரிலும் இருந்த கவலைதான். தீர்வுகள்தான் வேறு வேறு. 14, 15ஆம் நூற்றாண்டு ஐரோப்பிய வாள்களில் கைக்காப்பின் நடுவில் ஒரு தோல் மடிப்பு தொங்கும். வாளை உறைக்குள் போட்டதும் அது உறையின் வாயை மூடி மழைத்தண்ணீர் உள்ளே இறங்காமல் தடுக்கும். மழைத்தடுப்புத் தோல் என்று சொல்லலாம். செய்யவும் சுலபம், கிழிந்தால் மாற்றவும் சுலபம்.

இந்தியாவின் கண்டா வகை வாள்களில் அலகின் அடியிலும் ஓரத்திலும் உலோகப் பட்டைகள் வைத்துத் தறையப்பட்டிருக்கும். அங்கே நோக்கம் ஈரத்தைத் தடுப்பது இல்லை. மெல்லிய அலகு வளையாமல் பலப்படுத்துவது.

ஈரம், பிடிமானம், அதிர்ச்சி என மூன்றையும் ஒரே துண்டில் சமாளித்தது என்பதுதான் ஹபாகியின் தனிச்சிறப்பு.

இன்று என்ன நிலை?

1876இல் ஜப்பான் அரசு பொது இடத்தில் வாள் அணிவதைத் தடை செய்தது. சாமுராய்களை நம்பியிருந்த கைவினைஞர்கள் பலருக்கு ஒரே அடியில் வேலை போனது. பலர் வேறு உலோக வேலைகளுக்கு மாறினர். 1945இல் போரில் தோற்ற பிறகு, ஆக்கிரமிப்புப் படைகள் வாள்களைப் பறிமுதல் செய்தன. கலைப்பொருளாக மதிப்புள்ள வாள்களைக் காப்பாற்றும் முயற்சியில் 1948இல் ஜப்பான் கலை வாள் பாதுகாப்புச் சங்கம் உருவானது. டோக்கியோவின் சுமிதா பகுதியில் இருக்கும் வாள் அருங்காட்சியகம் இந்தச் சங்கத்துடையதுதான்.

இன்று ஜப்பானில் வாள் என்பது பதிவுச் சான்று உள்ள கலைப்பொருள். உரிமம் பெற்ற ஒரு கொல்லர் மாதத்துக்கு இரண்டு நீள வாள்களுக்கு மேல் செய்ய முடியாது. அப்படிப் பார்த்தால் ஆண்டுக்கு அதிகபட்சம் 24. புது வாள் குறைவு என்றால் புது ஹபாகியும் குறைவுதான். பழைய வாள்களுக்கான பழுது வேலையும் சேர்ந்துதான் இந்தத் தொழிலை ஓட்டுகிறது. வாள் சார்ந்த கைவினைகளுக்காக இந்தச் சங்கம் நடத்தும் போட்டிகளில் ஹபாகி செய்பவர்களுக்கும் தனிப் பிரிவு உண்டு.

2015இல் வெளியான ‘டோக்கன் ரான்பு’ என்ற விளையாட்டு, பழைய வாள்களையே கதாபாத்திரங்களாக்கியது. அதன் பிறகு வாள் கண்காட்சிகளுக்கு இளைஞர்கள், குறிப்பாக இளம்பெண்கள் அதிகம் வரத் தொடங்கினர். ஆனால் அங்கேயும் பல நேரம் அலகை மட்டும்தான் காட்சிக்கு வைப்பார்கள். ஹபாகி கழற்றப்பட்டிருக்கும், அல்லது ஓரமாக ஒரு சின்னத் துணியில் இருக்கும்.

சுருக்கமாக...

- ஹபாகி என்பது ஜப்பானிய வாளின் அடியில் ஏறும் உலோகப் பூண். பெரும்பாலும் செம்பு.
- வாளை உறையில் நிறுத்தும், உரசலைத் தடுக்கும், அடியின் அதிர்ச்சியைப் பகிர்ந்து இறக்கும்.
- அடிப்படைத் தீட்டலுக்குப் பிறகு, கடைசி மெருகுக்கு முன் செய்யப்படும்.
- ஒரு வாளின் ஹபாகி இன்னொரு வாளுக்குப் பொருந்தாது. பொருத்த முயன்றால் சேதம் வாளுக்குத்தான்.
- ஹபாகியின் அடியில் ஈரம் தங்கினால் துரு வெளியே தெரியாமலே பரவும்.

அடுத்த முறை திரையில் அந்த ‘க்ளிக்’ சத்தம் கேட்டால், அலகைப் பார்ப்பதற்கு முன் அந்த ஒரு அங்குலத்தைப் பாருங்கள். அது ஒரு ஷிரோகானே-ஷி தட்டித் தட்டிப் பொருத்திய செம்பு!